அடுப்பில்லாமல் கொதித்த சட்டி

அய்யலூர்ச் சந்தையிலிருந்து ஆட்டுத்தோல் ஏற்றிவர எங்களிடம் ஒரு பழைய வேன் உண்டு. எங்கள் நாகல் நகர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. ரேடியேட்டரில் காறை கட்டிவிடும். அதனால் சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கழுவுவது என் வழக்கம். இரும்பு எஞ்சினுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

போன வருஷம் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தபோது, மேலே மூடிபோல் உள்ள ஹெட்டை அலுமினியத்தில் மாற்றினார்கள். ரேடியேட்டர்த் தண்ணீர் அதற்குள்ளும் ஓடும். வண்டி வீடு வந்ததும் வழக்கம்போல் சோடா கரைக்கச் சொன்னேன். இரும்புச் சட்டியில் கறி வெந்துகொண்டிருந்ததால் என் மனைவி புது அலுமினியச் சட்டியில் கரைத்து, முற்றத்தில் ஆறவைத்தாள்.

செத்த நேரத்தில் அவள் கத்தினாள்: "என்னங்க, ஓடியாங்க! அடுப்ப விட்டு எறக்கி அம்புட்டு நேரமாச்சு, இன்னும் கொதிக்குது!"

சட்டியைத் தொட்டேன், வெதுவெதுப்புதான். ஆனால் உள்ளே பொடிப்பொடியாய்க் குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தது. வெள்ளிபோல் மின்னிய சட்டி கறுத்துக்கொண்டு வந்தது.

"யா அல்லா, சட்டியத் திங்குதே!" என்றேன். இரும்பைச் சீண்டாத சோடா, உயிருள்ளது போல் அலுமினியத்தை மென்றுகொண்டிருந்தது. அதைத்தான் அலுமினிய ஹெட் வைத்த எஞ்சினுக்குள் ஊற்ற இருந்தேன்!

இப்போது மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன். "இத ஊத்துங்க பாய், எஞ்சின் சூடே ஏறாது" என்று யார் எதைக் கொடுத்தாலும், முதலில் அந்தச் சட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைக்கிறேன். சட்டி சும்மா கிடந்தால்தான் அது வண்டிக்குப் போகும். விடிந்ததும் சட்டியை முதலில் எட்டிப் பார்ப்பது என் மனைவிதான்.