மீன் வண்டியில் விழித்திருந்த கியர்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரி சைக்கிள் அணித் தேர்வுக்காக, ஒயரே இல்லாமல் பட்டனை அழுத்தினால் கியர் மாறும் சைக்கிளைப் பயிற்சியாளர் என்னிடம் தந்திருந்தார். அதில் மண் படக்கூடாதென்று அப்பா ஒரு வாரமாகத் தன் மீன் வண்டியில் எங்கள் ஊர் வீராம்பட்டினத்திலிருந்து மைதானத்துக்கு ஏற்றிவந்தார். கொஞ்சம்தானே ஓட்டுகிறேன் என்று நான் சார்ஜ் போடவில்லை.

தேர்வன்று பட்டனை அழுத்தினால் பின் கியர் அசையவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. சங்கிலி மிகக் கனமான கியரில் நின்றுவிட்டது; அதிலேயே புறப்பட்டால் தேறவே மாட்டேன்.

“ஒயரில்லாத சாமான நம்பி வந்துட்டியே பாப்பா!” என்றார் அப்பா.

முன் கியரிலும் அதே மாதிரி பேட்டரி இருந்தது; அதை அதிகம் மாற்றாததால் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. சமதரையில் முன் கியரை மாற்றத் தேவையில்லை. அந்தப் பேட்டரியைக் கழற்றிப் பின்னால் மாட்டிப் பட்டனை அழுத்தினேன். விர்ரென்று ஒரு சத்தம். சங்கிலி அழகாக அடுத்த பல்சக்கரத்தில் உட்கார்ந்தது.

“அட, சொன்னா கேக்குதே!” என்றார் அப்பா.

அணியில் இடம் கிடைத்தது. சைக்கிளை ஏற்றிய வண்டி குலுங்கினாலும், யாரோ ஓட்டுவதாக நினைத்துக் கியர் விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னுமாம். எவ்வளவு சூட்டிகை! கையேட்டிலேயே இருந்தது; படித்தவள் நான்தான் அதைப் படிக்கவில்லை.

இப்போது ஏற்றும் முன்பே இரண்டு பேட்டரியையும் கழற்றிவிடுகிறேன். அப்பா சட்டைப்பையை விரித்துக் காட்டுகிறார்: “இதுல போடு, தூங்கட்டும்.”