மாரியம்மனுக்கு நேர்ந்த மீசை

பல்கலைக்கழகத்துக் கடைசி வருடத்தில் எனக்கு ஒரு தாடி இருந்தது. ஒழுங்கான தாடி என்று சொல்லிவிட முடியாது. கன்னத்தில் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், வெயிலில் பாதி கருகிப்போன தேயிலை நாற்றுமேடை மாதிரி முளைத்திருந்தது. மீசை மட்டும் அடங்காமல் வளர்ந்து மேலுதட்டை மூடிவிட்டது. பிளேன்டீ குடித்தால் பாதியை அதுவே குடித்துவிடும். தலைமுடி காதைத் தாண்டி இறங்கியிருந்தது. இந்தக் கோலத்துக்கு வகுப்பில் ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை. காதல் தோல்வி என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

நானும் மறுக்கவில்லை. எதற்கு மறுக்க வேண்டும்? அதுவரை என்னை ஒரு மேசை நாற்காலியாகக்கூட மதிக்காத பெண்கள், "பாவம்" என்று திரும்பிப் பார்த்தார்கள். கன்டீனில் ஒருத்தி மீன் அடைத்த தன் மாலுபாணில் பாதியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினாள். காதலிக்காமலே தோற்றுப்போவதில் இத்தனை சௌகரியம் இருப்பது தெரிந்திருந்தால் முதல் வருடத்திலேயே தோற்றிருப்பேன்.

உண்மையில் அந்த முடி என்னுடையதே இல்லை. அது றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மனுக்குச் சொந்தம். அப்பாவுக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் நடந்து, புண் ஆறாமல் சீழ் வைத்து, மறுபடியும் திறந்து மறுபடியும் தைத்தார்கள். அப்பா எழுந்து நடந்தால், சித்திரைத் திருவிழாவில் மகனுடைய முடி முழுவதையும் இறக்குவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அதுவரை கத்தி படாது என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். வேண்டிக்கொண்டது அவள், தலை என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லீவுக்கு வீட்டுக்குப் போனபோது, "கத்தி வச்சிராத சாமி, ஒங்கப்பா உசுரு அதுலதான் இருக்கு" என்று சொன்னாள். அவ்வளவுதான், விசயம் முடிந்தது.

நானோ விலங்கியல் மாணவன். பரிணாமத்தைப் பற்றி மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன். முடி என்பது செத்த பொருள், நகத்துக்கும் மாட்டுக் கொம்புக்கும் பங்காளி என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன். அப்படிப்பட்டவன் போய், இது அம்மனுக்கு நேர்ந்த முடி என்று சொன்னால் மானம் கப்பலேறிவிடும். அதற்குக் காதல் தோல்வி எவ்வளவோ மேல்.

அந்த வருடம் மாசியில் தெற்குக் கரையோரத்து ஹிக்கடுவைக்குப் போனோம். யுத்தநிறுத்தம் வந்து சண்டை நின்றிருந்த காலம். வழியில் ஆமிக்காரர் யாரும் பஸ்ஸை நிறுத்திச் சோதனைக்கு இறக்கவில்லை. கடலுக்கு அடியில் இறங்கி, பவளப்பாறையில் வாழும் மீன்களைப் பார்த்து எண்ணி எழுதுவதுதான் எங்கள் கடைசி வருட ஆய்வு. எனக்குக் கிடைத்தது வண்ணத்துப்பூச்சி மீன். மஞ்சளும் கறுப்புமாகச் சோடி சோடியாகத் திரியும் மீன். புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்தே மயங்கிப்போயிருந்தேன்.

றக்வானைக்காரனுக்குத் தண்ணீர் என்பது மேலேயிருந்து தலையில் விழுகிற சாமான். வானத்திலிருந்து விழும், இல்லாவிட்டால் மலை ஊற்றுக்கு வைத்த பீலிக் குழாயிலிருந்து விழும். அதற்குள்ளே இறங்கி நடமாடலாம் என்று பல்கலைக்கழக நீச்சல் தடாகத்தில்தான் தெரிந்துகொண்டேன். தடாகத்தில் பாதியைக் குடித்து, மீதியில் நீந்தப் பழகினேன். அதனால் ஹிக்கடுவையில் ரப்பர் உடையைப் போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நின்றபோது என் திமிர் சொல்லி முடியாது. எங்கள் லயத்து வீட்டு வரிசையில் யாராவது இந்தக் கோலத்தில் என்னைப் பார்க்க வேண்டுமே என்று துடித்தேன்.

அந்தத் திமிர் கழுத்தளவுத் தண்ணீர் வரைக்கும்தான் தாங்கியது. தலையை உள்ளே விட்டதும் முகக்கண்ணாடிக்குள் கடல் புகுந்தது. மூக்கு நிறைந்தது, கண் எரிந்தது, நான் கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலே வந்தேன். பட்டியை இறுக்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். மறுபடி கடல் புகுந்தது. மீசையில் வாசலின் பூசினேன். தேங்காய் எண்ணெய் பூசினேன். மீசை பளபளவென்று ஆனது, கண்ணாடி வழுக்கியது, தண்ணீர் மட்டும் எப்போதும்போல வந்தது.

முக்குளிக்கப் பழக்கிய சிங்கள மாஸ்டர் என் கண்ணாடியைக் கழற்றி, அதன் ரப்பர் விளிம்பு உட்கார வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே, மிகச் சரியாக என் மீசையில்.

"மல்லி, உடு ரெவுல கபன்ன ஓனே" என்றார். தம்பி, மீசையை எடுக்கத்தான் வேண்டும், தாடி இருந்தால் பரவாயில்லை என்று விளக்கமும் சொன்னார்.

எங்கள் விரிவுரையாளர் கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாளை மறுநாளைக்குள் இறங்க முடியாவிட்டால் என்னுடைய ஆய்வை மாற்றிவிடுவதாகச் சொன்னார். எதற்கு மாற்றுவார் என்று கேட்டேன். தேயிலைத் தோட்டத்து மண்புழுக்களுக்காம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரம்பரையாகத் தேயிலைத் தூரில் கிடந்த குடும்பத்தில் ஒருத்தன் தப்பித்தவறிக் கடலுக்கு வந்தால், அவனைப் பிடித்து மறுபடியும் மண்புழுவிடமே அனுப்பப் பார்க்கிறார்களே!

சாயங்காலம் அறையில், எஹலியகொடைக்காரனான என் கூட்டாளி புது ரேசரை என் கையில் திணித்தான்.

"அவ ஒன்ன நெனச்சிக்கூடப் பாக்க மாட்டா மச்சான். எடுத்துத் தொலைடா."

"யாருடா அவ?"

"எங்கிட்டயே மறைக்கிறியா? சரி சரி, பேரு வேணாம். மசுர மட்டும் எடு."

கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். சவர்க்காரத்தை நுரைத்துப் பூசினேன். ரேசரை உதட்டுக்கு மேல் வைத்தேன். கை இறங்கவில்லை. செத்த பொருள்தானே என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். இதற்கும் இரத்தினபுரியில் போட்ட தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தமே இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் ரேசரை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன். நான் இதை இழுத்துவிட்டு, நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?  நுரையோடு வெளியே வந்து கூட்டாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். அவன் ரேசரை வாங்கி மூடி வைத்தான்.

"லூசு, இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? அம்மாகிட்ட கேக்காம கைய வச்சிராத."

மறுநாள் காலையில் கொமினிகேஷன் கடைக்குப் போய், றக்வானை டவுனில் எங்களுக்குப் பழக்கமான சாமான்கடை முஸ்லிம் நானாவுக்குப் போன் போட்டேன். அவர் தோட்டத்துக்குப் போகும் லொறியில் சொல்லி அனுப்பினார். மத்தியானம் நான் மறுபடி போன் எடுத்தபோது அம்மா கடையில் காத்திருந்தாள். ஹிக்கடுவைக்கும் றக்வானைக்கும் உள்ள தூரத்தைத் தன் தொண்டையாலேயே கடந்துவிடுவது என்று தீர்மானித்தவள்போலக் கத்தினாள்.

"சாமி! ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. அப்பா எப்படி இருக்காரு?"

"எந்திரிச்சி ஒக்கார்றாரு. புண்ணு இன்னும் வத்தல. நீ எதுக்குப் போன் போட்ட?"

சொன்னேன். கடல், கண்ணாடி, மீசை, மீன், மண்புழு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. அப்பா புண்ணோடு கிடக்கிறார், இவனுக்கு மீன் பார்க்க வேண்டுமாம்.

"மீச இருந்தா மீனு ஓடிருமா?"

"ஓடாதும்மா. கண்ணாடிக்குள்ள தண்ணி வருது. என்னால கீழ எறங்க முடியல."

"இது வெளையாட்டா, படிப்பா?"

"படிப்புதாம்மா. ஆனா நீ வேணாம்னா வேணாம். நான் மண்புழுவையே..."

அந்தப் பக்கம் நானா யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருப்பது கேட்டது.

"எடுத்துக்க" என்றாள் அம்மா. "மாரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ பயப்படாம எறங்கு."

தோட்டத்துத் துரையிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று யூனியன் தலைவர் சொல்லுவாரே, அந்தத் தொனி. எனக்கு அப்பாடா என்று ஆகிவிட்டது. கோயில் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுவாள், கற்பூரம் கொளுத்துவாள், அம்மனும் படித்த பிள்ளை என்று விட்டுவிடும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அதைப் பற்றி நினைக்கவேயில்லை.

மீசையை எடுத்தேன். மேலுதடு உரித்த அவித்த முட்டை மாதிரி இருந்தது. வகுப்பே கைதட்டியது. நான் காதலை மறந்துவிட்டேனாம்.

இறங்கினேன். இந்த முறை ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. முதலில் என் மூச்சுதான் கேட்டது, புஸ் புஸ் என்று. பிறகு பாறை தெரிந்தது. ஒரு கிளிமீன் கூட்டம் பவளத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது, கல்லைக் கடிக்கிற சத்தம் காதில் நன்றாகவே விழுந்தது. ஒரு வரியுடல் மீன் என் முகத்துக்கு நேரே வந்து, புதிதாக மழித்த உதட்டை உற்றுப் பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் அந்தச் சோடி வந்தது. மஞ்சளும் கறுப்பும். ஒன்று பாறையைச் சுற்றி மறைந்தால் மற்றது நின்று காத்திருந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. வாயில் குழாய் இருப்பதை மறந்து "ஐயோ அம்மா!" என்று கத்தினேன். குமிழி மட்டும் போனது. எண்ணுவதற்குக் கொண்டுபோன பலகையில் ஒரு கோடுகூடப் போடவில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கியதில் என் சிலிண்டர்தான் எல்லாருக்கும் முதலில் காலியானது. மாஸ்டர் என் கழுத்துப் பட்டியைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு வந்தார். மறுநாள்தான் ஒழுங்காக எண்ணினேன். மண்புழு தப்பித்தது.

பயணம் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போனேன். இரத்தினபுரியில் பஸ் ஏறி, றக்வானை வளைவுகளில் வாந்தி எடுத்து (கடலில் எடுக்கவில்லை, பஸ்ஸில் எடுத்தேன்), தோட்டத்துக்கு நடந்தேன். லயத்து வாசலில் அப்பா ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். நின்றார்! ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பொம்பளப் புள்ள மாதிரி இருக்கடா."

அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்தாள். வெறுங்கூடையை இறக்கி வைத்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். இடுப்பு வரை முடி வைத்திருந்தவள். ஒரு முடி இல்லை. மொட்டை.

"என்னம்மா இது?"

"என்னாத்த என்னம்மா? ஒன்னோடத எடுத்துக்கன்னு சொன்னேன்ல? அப்ப யாராவது குடுக்கணும்ல? சும்மா பேசுனா அவ கேப்பாளா? அன்னைக்குச் சாயங்காலமே போயி எறக்கிட்டு வந்துட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா நீ தண்ணிக்குள்ள எறங்கியிருப்பியா? மசுருதானே சாமி, மொளைக்கும். சரி ஒக்காரு. மீனு எப்படி இருந்துச்சி, அதச் சொல்லு."

லயம் முழுவதற்கும் அளந்துவிட வழியெல்லாம் கதை கட்டிக்கொண்டு வந்தவன், அவள் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா என் பக்கத்தில் குந்திக் காத்திருந்தாள். கொழுந்துக் கூடையின் கயிறு உரசி உரசி, அவள் உச்சியில் தோல் உரிந்து, ஒரு கோடாக இரத்தம் கட்டியிருந்தது. அவள் முடியின் மேல்தான் அத்தனை வருடமும் அந்தக் கூடை தொங்கியது என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.