பொன்னுதாஸ் வழி பார்க்கப் போன நாள்

பொன்னுதாஸுக்குப் பொய் சொல்ல வராது. பாறசாலை வேன் ஸ்டாண்டில் யாரைப் பிடித்து வேண்டுமானாலும் கேளுங்கள். டயர் பஞ்சரானதைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாத மனுஷன். அவர் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன், நேரம் உட்பட. நேரமெல்லாம் அவரே நோட்டில் எழுதி வைத்திருந்தது. அதில் ஒரு நிமிஷம்கூட என் கைச்சரக்கு கிடையாது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இதை வாசிக்காதீர்கள், அவ்வளவுதான்.

1996, மே மாதம். நெய்யாற்றின்கரை சோமன் சார் ஓய்வுபெற்ற வாத்தியார். மகன் அனூஜ் துபாயிலிருந்து மனைவி, மகள் அஸ்வதியோடு லீவில் வந்திருந்தான். நாலே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று சாருக்கு ஒரே பரபரப்பு. கோயில் வேண்டும், பத்மநாபபுரத்துப் பழைய அரண்மனை வேண்டும், கடல் வேண்டும், நெய்யாறு அணைப் பூங்காவில் சிங்கமும் வேண்டும். பொன்னுதாஸைக் கூப்பிட்டு விட்டார்.

“திங்கக்கிழமை தொடங்கலாம் பொன்னுதாஸ்.”

“திங்கக்கிழமை பத்மநாபபுரம் கொட்டாரம் பூட்டியிருக்கும் சார். செவ்வாய் ஆக்கும் நல்லது.”

அதுதான் பொன்னுதாஸ். எந்தப் பெரிய பயணமானாலும் முன்கூட்டியே ஒருநாள் காலி வண்டியோடு போய் வழி பார்த்து வருவார். ரோடு எங்கே வெட்டிப் போட்டிருக்கிறது, பெண்கள் இறங்க வசதி எங்கே இருக்கிறது, எந்தக் கடையில் மீன் பழசு, எல்லாம் நோட்டில் ஏறும். “பொன்னுதாஸ் பெண்ணு பாக்கப் போறான்டே” என்று ஸ்டாண்டில் கிண்டல் அடிப்பார்கள். அவர் காதில் வாங்க மாட்டார்.

இந்தத் தடவை வழி பார்க்க இன்னொரு காரணமும் இருந்தது. மகள் ஷீனா கூட வருகிறாள். அஸ்வதிக்குத் துணையாக அவளையும் கூட்டிக்கொள் என்று சோமன் சாரே சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் தவம் கிடந்து பெற்ற ஒரே பிள்ளை, வயது எட்டு. ஒரு வாரமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

“அப்பா, சிங்கம் நம்மளப் பாக்குமா?”

“பாக்கும் மக்கா. கண்ணு உண்டுல்லா அதுக்கு.”

மே 8, புதன்கிழமை. நாலு நாள் வழியை ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று நோட்டில் கணக்கு எழுதினார். பத்மநாபபுரம் 9.00. சுசீந்திரம் 10.45. பொழியூர் கடற்கரை 2.30. நெய்யாறு அணை 5.45. காலை எட்டு மணிக்கு இஞ்சிவிளை வீட்டிலிருந்து வேன் கிளம்பியது. பழைய மட்டடோர், நெற்றியில் சிவப்பு எழுத்தில் ‘எபெனேசர்’.

9.05. அரண்மனை வாசலுக்கு எதிரே டீக்கடை. கடைக்காரம்மா அவரைக் கண்டதும் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“பிள்ளை கிடைச்சாளா?”

“எந்தப் பிள்ளை?”

“நல்ல கூத்து! ஏழரைக்கு இஞ்ச வந்து நிண்ணு கண்ணீரு விட்டுக் கரஞ்சீருல்லா. கிளிப்பச்சை பிராக்கு, கழுத்தில வெள்ளை லேசு, எட்டு வயசுப் பிள்ளையக் கண்டியளாண்ணு கேட்டீரு.”

பொன்னுதாஸ் சிரித்துவிட்டார். ஏழரைக்கு அவர் வீட்டில் புட்டும் பழமும் தின்றுகொண்டிருந்தார். ஷீனாவிடம் கிளிப்பச்சையில் பிராக்கே கிடையாது. யாரோ பாவம், பிள்ளையைத் தொலைத்தவன், தன் சாயலில் இருந்திருப்பான். டீயைக் குடித்தார். நல்ல டீ, அதையும் நோட்டில் எழுதினார்.

10.50. சுசீந்திரம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பொன்னுதாஸ் மிஷன் சபைக்காரர், பாட்டுக் குழுவில் தடித்த குரல். பன்னிரண்டு வருஷமாகச் சுசீந்திரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆட்கள் திரும்பும்வரை செருப்புப் பார்க்கிற தாணுவின் பக்கத்தில் உட்கார்ந்து கதையடிப்பார். தாணுவுக்கு அவரை இருட்டிலும் அடையாளம் தெரியும்.

தாணு எழுந்து நின்றான்.

“அண்ணே, பிள்ளை உள்ள இருந்தாளா?”

“எப்ப தாணு? நான் எப்ப வந்தேன்?”

“பத்து அஞ்சுக்கு வந்தீரு. சட்டையக் கழத்தி எனக்க கையில தந்துட்டு உள்ள ஓடினீரு. நான் பேடிச்சுப் போனேன். வேதக்காரரு நீரு, எங்க கோயிலுக்குள்ள...”

“சட்டை எங்க?”

தாணு சுவரிலிருந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தான். ஆணியில் ஒன்றும் இல்லை.

ஆணிக்கு நேர் கீழே, கல் தரையில், ஒரு முறம் அகலத்துக்கு ஈரம்.

“இந்த ஆணியில தூக்கினது அண்ணே... சொட்டச் சொட்ட நனஞ்சிருந்தது...”

மழை பெய்து இருபது நாள் ஆகியிருந்தது.

பூத்துக்கு ஓடி, வீட்டுக்கு அடுத்த கடைக்கு எஸ்.டி.டி. போட்டார். மனைவி விமலகுமாரி வந்து எடுத்தாள்.

“ஷீனா எங்க?”

“இஞ்சதான் நிக்கா, வட்டு விளையாடுகா. என்னத்துக்குக் கேக்குதீரு?”

“ஒண்ணும் இல்ல. வெளிய விடாத.”

அப்போதே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. செருப்புக்காரன் பேச்சைக் கேட்டு பயந்து ஓடிவந்தான் என்று ஸ்டாண்டில் தெரிந்தால் அப்புறம் அங்கே உட்கார முடியுமா? சோமன் சாருக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளைதான் வீட்டில் பத்திரமாக இருக்கிறாளே. கன்னியாகுமரி போய் லாட்ஜில் ரூம் சொன்னார். சாப்பிட உட்கார்ந்தார், பாதியில் எழுந்தார். கடலோரப் பாதையில் மேற்கே திருப்பினார்.

வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு கணக்கு மனதில் ஓடியது. முதல் இடத்தில் ஒன்றரை மணி நேரம் முந்தி. இரண்டாவது இடத்தில் முக்கால் மணி நேரம் முந்தி.

முன்னால் போகிறவனை அவர் நெருங்கிக்கொண்டு இருந்தார்.

2.40. பொழியூர். நெய்யாறு வந்து கடலில் சேருகிற கரை. மதிய வெயிலில் மணல் கொதித்தது. வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து ஈசாக் என்கிற மீன்காரர் வலை முடிந்துகொண்டிருந்தார். தலை நிமிர்ந்தவர் கையிலிருந்த வலையை விட்டுவிட்டார்.

“நீரு... இப்பல்லா அங்ஙோட்டுப் போனீரு?”

“எப்ப?”

“பத்து நிமிசம் ஆவல்ல. மோள, மோளண்ணு விளிச்சிட்டு...” ஈசாக் சிலுவை போட்டுக்கொண்டார். “சட்டை இல்லாம.”

மணலில் கால் தடம் போயிருந்தது.

பொன்னுதாஸின் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. ஜாக்கி நழுவி விழுந்து நசுங்கிப் போனது.

குனிந்து பார்த்தார்.

இடது தடத்தில் நாலு விரல்.

காய்ந்த மணல். ஆனாலும் ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நின்றது.

2.52.

முதலில் காற்று என்றுதான் நினைத்தார்.

“ஷீனா...”

ஆறு கடலில் விழுகிற பொழிமுகத்துப் பக்கமிருந்து.

“மக்களே... ஷீனா...”

அவர் குரல். தொண்டை கட்டிப்போன அவருடைய குரல்.

தூரத்தில் ஒரு ஆள். மேலே சட்டை இல்லை. ஒவ்வொரு வள்ளமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனான்.

நின்றான்.

இந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பப் போனான்...

முகத்தைப் பார்க்க பொன்னுதாஸ் அங்கே நிற்கவில்லை.

வேனை எடுத்ததும் தெரியாது, வந்த வழியும் தெரியாது. 3.20க்கு வீட்டு முற்றத்தில் பிரேக் போட்டார். நோட்டில் அதுதான் கடைசி எழுத்து. உள்ளே விமலகுமாரி தையல் மிஷினை மூடிக்கொண்டிருந்தாள். ஷீனா வாசலுக்கு ஓடிவந்து ஒரு சுற்று சுற்றி நின்றாள்.

கிளிப்பச்சை பிராக்.

கழுத்தில் வெள்ளை லேஸ்.

“கொள்ளாமா அப்பா?”

“பயணத்துக்கு உடுக்கட்டும்ண்ணு ஒளிச்சு வச்சு தச்சேன்,” என்று விமலகுமாரி சிரித்தாள். “மூணு மணிக்காக்கும் லேசு வச்சு முடிச்சேன். துணி எடுத்ததே நேத்துதான். கடைக்காரனுக்கும் எனக்கும் அல்லாம ஒரு ஈக்குத் தெரியாது.”

பொன்னுதாஸ் பிள்ளையின் உடம்பிலிருந்து அதைக் கழற்றினார். கிழித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பில் போட்டு, எரிந்து தீரும்வரை நின்று பார்த்தார். ஷீனா தரையில் விழுந்து அழுதாள். “உமக்குக் கிறுக்கு பிடிச்சுதா?” என்று விமலகுமாரி கத்தினாள். நெய்யாறு அணைக்கு அவர் போகவில்லை. நோட்டில் அணைக்கு எழுதியிருந்த ஐந்தே முக்கால் மணிக்கு, கதவைத் தாழிட்டு, ஜன்னலையும் அடைத்து, அழுது ஓய்ந்த மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு பயத்திலும் அது ஒரு பெரிய சந்தோஷமாக இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் சோமன் சாரிடம் போய், நான் வரவில்லை, என் மகளும் வரவில்லை என்றார். காரணம் சொல்லவில்லை. சாருக்கு மனத்தாங்கல். ஸ்டாண்டிலிருந்த சுந்தரதாஸின் வேனைப் பிடித்து அவர்கள் போனார்கள். ஒரு குறையும் இல்லை. நாலு நாளும் வெயில், நாலு நாளும் சிரிப்பு. அஸ்வதி சிங்கத்தைக் கண்டாள், போட்டோவும் இருக்கிறது. ஸ்டாண்டில் ஒரு வருஷத்துக்கு பொன்னுதாஸை வைத்துத்தான் பொழுது போனது. ஷீனா ரெண்டு மாசம் அவரோடு சரியாகப் பேசவில்லை. போகட்டும், பிள்ளை இருக்கிறாளே, அது போதும் என்று இருந்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஏதோ வெயில் கிறுக்கு என்று விட்டிருப்பேன்.

1998, அக்டோபர். நெய்யாறு அணைக்குப் பக்கத்துக் கள்ளிக்காட்டில் ஒரு கல்யாணத்துக்கு ஓட்டம். அணைப் பக்கம் ரெண்டு வருஷமாக அவர் வண்டியைத் திருப்பியதில்லை. அன்று ஏறியிருந்தவர்கள் அணையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பகல் பதினொன்றரை மணி, நல்ல வெளிச்சம், கூட்டம். என்ன வந்துவிடப் போகிறது என்று போனார்.

படகுத் துறையில் காவல்காரர் ரெத்தினதாஸ் வேனில் இருந்தவரின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். பொன்னுதாஸ் அவரை அதுவரை பார்த்ததே இல்லை.

“அண்ணைக்குப் பிறகு இந்தப் பக்கம் காணவே இல்லியே. எனக்க தோர்த்துத் துண்டும் போச்சு.”

“என்னைக்கு?”

“ரெண்டு வருசம் ஆச்சு. மே மாசம், ஒரு புதங்கிழமை. ஆறு மணிக்குத்தான் கடைசிப் படகு, அதுக்குக் கால் மணி முன்ன. நீரு தண்ணிப் பக்கமிருந்து படியேறி வந்தீரு. தோளில மோளு. பச்சைப் பிராக்கு. ரெண்டு பேரும் நல்லா நனஞ்சு போயி... கிடைச்சாச்சு, கிடைச்சாச்சுண்ணு சொன்னீரு. தலை துடைக்க நானாக்கும் தோர்த்து தந்தேன்.”

பொன்னுதாஸ் கேட்கக் கூடாது என்று நினைத்தார். கேட்டுவிட்டார்.

“பிள்ளை... கண்ணு திறந்திருந்தாளா?”

ரெத்தினதாஸ் தண்ணீர்ப் பக்கத்துப் படியைத் திரும்பிப் பார்த்தார்.

“அதத்தான் நானும் உம்மகிட்டக் கேட்டேன். உறங்குகா, எழுப்பாண்டாம்ண்ணு சொன்னீரு.”