அப்பா குரலில் பேசிய தம்பி

மிளகாய் வற்றல் கருகும் நெடி எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறேன், நாற்பதைத் தாண்டிய பிறகும். அந்த நெடிக்குள் பாகூர் ஏரிக்கரை ஓரத்து எங்கள் வீடு இருக்கிறது. கண் இமைக்காமல் தம்பி உட்கார்ந்திருக்கிறான்.

அவனாக ஒரு சொல் பேசியதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்வான், சொன்னவரின் குரலிலேயே. சோறு வேணுமா என்றால் சோறு வேணுமா என்பான். அப்பா இருந்தவரை எங்களுக்கு அது வேடிக்கை. காய்ச்சலில் அப்பா போன பிறகு ஒரு நாள், கழனியிலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம், சாத்திய கதவைப் பார்த்தபடி, அப்பாவின் கரகரப்போடு சொன்னான்:

"தொறடி, நான்தான்."

அம்மா ஓடிப்போய்த் திறந்தாள். வாசலில் யாரும் இல்லை. எதிரே கரும்புத் தோகை மட்டும் அசைந்தது. மறுநாளும் அதே நேரம், அதே குரல். மறுநாளும் அம்மா திறந்தாள்.

பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. செத்தவன் பிள்ளைமேல் ஏறியிருக்கிறான் என்று பேயோட்டியை அழைத்துவந்தார். தான் யாரென்று சொல்லாத பேய் இறங்காது. அதனால் முதல் கேள்வி எப்போதும் அதுதான். மிளகாய் புகைந்தது. வேப்பிலைக் கொத்தை ஓங்கியபடி பேயோட்டி கேட்டான்:

"யார்ரா நீ?"

"யார்ரா நீ?" என்றான் தம்பி, பேயோட்டியின் குரலில்.

மிரட்டினால் மிரட்டல் திரும்பி வந்தது. சிரித்தால் சிரிப்பு. இப்படியொரு பிடிவாதக்காரப் பேயை அவன் பார்த்ததில்லை போலும்; பயந்துவிட்டான். பயந்த கைதான் பலமாக அடித்தது. தம்பி கத்தவில்லை. கொத்து விழும் ஓசையை வாயால் செய்தான். அம்மா அவனை வாரிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அமாவாசைக்குச் சங்கிலியோடு வருவதாகச் சொல்லிப் போனான் பேயோட்டி. அதற்குமுன் அம்மா எங்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி; வெள்ளைக்கார டாக்டர் பிரெஞ்சில் கேட்டதைத் தம்பி பிரெஞ்சிலேயே திருப்பிக் கேட்டான். கம்பவுண்டர் சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை. பேய் இல்லை, பிறவியிலேயே இப்படி, மருந்தும் கிடையாது, அடித்தால் இன்னும் உள்ளே போய்விடுவான், பொறுமையாகப் பேசிப் பழக்கவேண்டும் என்று கம்பவுண்டர் மூலம் சொன்னார். கன்னியர் மடத்தில் அப்படிப் பழக்குகிறார்களாம்.

ஊருக்குக் கூட்டிப்போனால் சங்கிலி. மடத்தில் விட்டுவிட்டு வந்தால், கதவைத் திறக்கச் சொல்லும் அந்தக் குரலும் இனி இல்லை. அம்மா மடத்து வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அவன் கன்னத்தை வழித்து, "அழாத சாமி, சாயந்தரம் வந்துட்றேன்" என்றாள்.

அழுதது அவள்தான். தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே நின்று, மூடிக்கொண்டிருந்த மடத்துக் கதவைப் பார்த்து, அவள் குரலிலேயே, அந்த விம்மலையும் விடாமல் சொன்னான்:

"அழாத சாமி, சாயந்தரம் வந்துட்றேன்."