புளி போட்டுத் தேய்த்த ஜப்பான் கிழவர்

திருவிடந்தையில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். வீட்டுக்கார அம்மா சென்னையில் இருக்கிறார். சனிக்கிழமை வருவார், விசேஷம் என்றால் வருவார். சாவி என்னிடம்.

கூடத்தில் கண்ணாடி அலமாரி. அதில் ஆறு ஜப்பான் பொம்மைகள், யானைத் தந்தத்தில் செதுக்கியவை. அம்மாவின் அப்பா கப்பலில் வேலை பார்த்தபோது வாங்கினாராம். வாங்கும்போதே பழசாம். ஒன்று மீன்கூடை தூக்கிய கிழவர். கட்டைவிரல் உயரம். டீ நிறத்தில் இருப்பார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விளக்கு, தட்டு, சொம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். அழுக்கு ஏறியிருக்கிறது என்று நினைத்துக் கிழவரையும் சேர்த்துக்கொண்டேன். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். வெள்ளைவெளேரென்று வந்தார். துடைத்துப் பார்த்தால், கண்ணுக்குத் தீட்டியிருந்த கறுப்புக் கோடு இல்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வரும்போதெல்லாம் அம்மா அவரைக் கையில் எடுத்து விரலால் தடவுவார். "இந்தக் கலர் எங்கப்பா கைபட்டு வந்தது" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

காலையில் அம்மா பூஜைக்கு வந்துவிடுவார். என்னால் உட்கார முடியவில்லை. கூட்டின இடத்தையே திரும்பக் கூட்டினேன். வாசலுக்குப் போனேன், வந்தேன். மூன்று மணிக்கு என்னைக் கூட்டிப்போக என் புருஷன் ஆட்டோவோடு வந்தார்.

"இன்னாமே, இப்டி நட்ந்துகினே கீற?"

காட்டினேன். சிரித்தார்.

"கெழவன நல்லா குளிப்பாட்டி வுட்டுக்கீறியே! டீ டிகாசன்ல போட்டு வை, கலர் வந்துரும். அந்தம்மா இன்னா கண்டா?"

டிகாஷன் போட்டேன். ஆறவும் வைத்தேன். கிழவரைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தேன். கை இறங்கவில்லை. ஒருமுறை கெடுத்தது போதும். டிகாஷனைத் தொட்டியில் ஊற்றினேன்.

"அப்ப வேல போச்சின்னா போவட்டும்ன்றியா?"

கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மறுநாள் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அம்மா கிழவரை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். வழக்கம்போல் தடவினார். நிறுத்திவிட்டார்.

"புளியா?"

"ஆமாம்மா."

"சரி. பூஜைக்கு நேரமாச்சு. பூவை எடுத்து வை."

வேலை போகவில்லை. சாவியும் என்னிடம்தான். ஆனால் இப்போதெல்லாம் சனிக்கிழமை வந்ததும் அந்த அலமாரியை அம்மாவே துடைக்கிறார். துணியைக் கேட்டுக் கை நீட்டினால், "நீ போய்ச் சமையலைப் பாரு" என்கிறார். கோபமாகச் சொல்வதில்லை. நான் அடுப்படிக்குப் போகிறேன். வெந்துவிட்டதா என்று சோற்றைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.