ஷீலா மறைத்த சிவப்புப் பட்டை

ஜீப்புக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்ட, கம்பம் ஊரில் இருக்கும் ஒரே ஆள் ஜெபஷீலாதான். காட்டில் ஒளிந்து நிற்பது போலத் திட்டுத் திட்டாகப் பச்சையும் பழுப்பும் பூசிக்கொள்ளும் பைத்தியம் இங்குள்ள ஜீப்காரர்களைப் பிடித்து நாலைந்து வருடமாகிறது. மிலிட்டரிப் பச்சையை மட்டும் அவள் தொடமாட்டாள். அது தனியார் வண்டிக்குக் கூடாது. மற்றபடி அவரவர் தோட்டத்தைப் போட்டோ எடுத்துவரச் சொல்லி, அந்த இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நிறம் எடுப்பாள். பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்க்கும் எனக்கு இது வெட்டி வேலையாகத்தான் பட்டது. அதைச் சொன்னால் ஒரு வாரம் பேசமாட்டாள்.

வண்டியில் ஒட்டியிருக்கும் பெயர், சாமி படம், வெளிச்சம் பட்டால் மின்னும் சிவப்புப் பட்டை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தனி அடுக்காக வைத்திருப்பாள். நிறம் பூசும்போது அந்த அடுக்கை மறைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவாள். ஆயிரம் தடவை செய்த வேலை.

போன ஆடியில் காமயகவுண்டன்பட்டி ஈஸ்வரபாண்டி வந்தான். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் பன்னிரண்டு பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் அவனுடையது. "ஏலச்செடிக்குள்ள நின்னா வண்டியே தெரியக் கூடாதுக்கா" என்றான். அவளுக்கும் வீம்பு வந்துவிட்டது.

பெயிண்ட் அடித்து முதல் நாள் மலை ஏறிய ஜீப்பைத் தோட்டத்தில் நிறுத்தி, காலையிலேயே போட்டோ அனுப்பியிருந்தான். மதியம் மூன்று மணிக்கு அதைப் பெரிதாக்கிப் பார்த்தவளுக்கு முகம் செத்துவிட்டது.

"அண்ணே, பட்டையக் காணோம்."

பெயிண்டர் மொக்கைச்சாமிக்குப் போன் போட்டாள். "படத்துல இருந்தபடிதேன் அடிச்சேன். இல்லாததயெல்லாம் சுரண்டிட்டேன்" என்றார் அவர். அனுப்பிய படத்தைத் திறந்தாள். அந்த அடுக்கு மறைந்தபடியே இருந்தது.

கடை வாசலிலிருந்து பார்த்தேன். மேற்கே மலையையே காணவில்லை. மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. நாலு மணிக்கு அந்தப் பெண்கள் ஜீப்பில் மலை இறங்குவார்கள். பின்னாலேயே லோடு லாரிகள் வரும். ஈஸ்வரபாண்டி போனை எடுக்கவே இல்லை. ஷீலா பட்டைச் சுருளைப் பைக்குள் திணித்து ஷட்டரை இழுத்தாள்.

"வண்டிய எடுங்கண்ணே. யாருக்கும் ஒண்ணுன்னா நான் இருக்கமாட்டேன்."

எனக்கு மலை ரோடு என்றாலே ஆகாது. அதற்குள் அவள் என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். திட்டிக்கொண்டே ஏறினேன்.

மேலே போகப் போக மேகம் மஞ்சாக முகத்தில் அப்பியது. ஒரு வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. காதுக்குக் கேட்கிறது, கண்ணுக்கு எதுவுமில்லை. பகல்தானே என்று லைட்டும் போடாமல் வந்திருக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிந்தான். ஸ்கூட்டரை ஓரப் பள்ளத்தில் விட்டேன், இருவரும் விழுந்தோம்.

"ஏலே, கண்ணு இல்லையா!" என்று கத்திய ஈஸ்வரபாண்டி, அவளைப் பார்த்து இறங்கி ஓடிவந்தான். "ஷீலாக்கா! இங்கன என்ன செய்றீக?"

"தப்பு எம்மேலதேன் தம்பி. பட்டைய நாந்தேன் விட்டுட்டேன். மொதல்ல லைட்டப் போடு."

முழங்கையில் ரத்தம் வழியப் பட்டையைக் கிழித்து ஒட்டினாள். ஈரத்தில் ஒட்டவில்லை. துப்பட்டாவால் துடைத்து மறுபடி ஒட்டினாள், உரிந்து விழுந்தது. மேல் வளைவில் லாரி ஹாரன் கேட்டது. அந்த இடத்தில் வண்டியை ஒதுக்கவும் வழியில்லை. ஷீலா வாய்விட்டு அழுதாள்.

உள்ளேயிருந்து முருகம்மாள் என்ற பெண் கையை நீட்டினாள்.

"அழுவாத ஆத்தா. ஒட்டலைன்னா இங்கிட்டுக் குடு. நாங்க புடிச்சுக்கிறோம்."

சுருளைப் பிரித்த பட்டை கைமாறிக் கைமாறி ஜீப்பைச் சுற்றி வந்தது. பின்பக்கம் ஷீலாவே ஏறி உட்கார்ந்து குறுக்கே இழுத்துப் பிடித்தாள். ஜீப் நகர்ந்தது, நான் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திப் பின்னால் போனேன். பத்தடி தள்ளியதுமே அதன் மங்கிய பின்விளக்கோடு ஜீப் காணாமல் போனது. அவ்வளவு நன்றாக வரைந்திருந்தாள், பாவி.

லாரி என்னை ஒட்டி வந்துவிட்டது. அதன் வெளிச்சம் என் தலைக்கு மேலாகப் போய் விழுந்தது. மஞ்சுக்குள் ஒரு சிவப்புக் கோடு பளிச்சென்று எரிந்தது. அதைப் பிடித்திருந்த கைகள் வரிசையாகத் தெரிந்தன.

லாரிக்காரர் பிரேக்கை மிதித்தார்.