இரண்டாவது முத்திரை

1. வெறும் ஆணி

பட்டினம் பஸ் புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகுதான் சுவரைப் பார்த்தேன். ஈய எழுத்துகள் இருக்கும் கம்போசிங் கேஸுக்கு மேலே இருந்த ஆணியில் தாள் இல்லை.

அச்சகத்தில் வேலை பார்க்காதவர்களுக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். சொல்கிறேன். அது எழுபத்தாறாம் வருஷம், நெருக்கடி நிலை. காரைக்காலில் நான் எழுத்துக் கோத்த அச்சகத்தில் மாதம் இரண்டு முறை ஒரு சிறு பத்திரிகை அச்சாகும். எந்தப் பக்கமும் தணிக்கை அதிகாரி பார்க்காமல் மெஷினில் ஏறக் கூடாது. நான்கு பக்கத்தை ஒரே ஃபாரமாகப் பூட்டி, பெரிய தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்து எடுப்போம். மெஷின் புரூஃப் என்போம். அதிகாரி வந்து உட்கார்ந்து, வேண்டாததைப் பச்சை மையால் அடித்து, ஓரத்தில் 'நீக்குக' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்துவார். அடித்த இடத்தை வெற்றாக விடக் கூடாது. விட்டால் எதையோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் அந்த ஓட்டையைத் தேங்காயெண்ணெய் விளம்பரம், பஸ் நேரம், ஏதாவது ஒன்றால் அடைப்போம். அடிபட்ட தாள் ஆணியில் தொங்கும். மறுநாள் காலை அதிகாரி வந்து எண்ணி வாங்கிக்கொள்வார். ஒரு தாள் குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டும்.

அன்று பதினான்கு வரி அடிபட்டிருந்தது. விளம்பரத்துக்கு அளவு பார்க்கத் தாளை ஆணியிலிருந்து எடுத்தேன். பார்த்த பிறகு பக்கத்து அடுக்கின் மேல் வைத்தேன். அது வேஸ்ட் தாள் அடுக்கு. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள் என்றால் அச்சகத்தில் தனி மரியாதை. அச்சுப் பக்கம் உள்ளே போகும்படி கட்டைச் சுற்றினால், வெளியே வரும் வெள்ளைப் பக்கத்தில் முகவரி எழுதலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பட்டினம் ஏஜெண்டுக்கான கட்டை நானே சுற்றினேன், நானே சணல் கட்டினேன், 'ஹனீபா கடை, திருமலைராயன்பட்டினம்' என்று நானே எழுதினேன், ஓடிப்போய் கண்டக்டர் காலடியில் நானே வைத்தேன்.

எந்தப் பதினான்கு வரியை யாரும் பார்க்கக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதோ, அதைப் பச்சைக் கோட்டோடும் முத்திரையோடும் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தேன். அந்த வரிகளை எழுதியவனும் நான்தான்.

2. நோட்டு வைத்திருந்தவன்

அச்சக முதலாளி சவரிமுத்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜென்டாக இருந்தவர். அப்படி இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். நாங்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி முசே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். இந்தோசீனாவில் பிடிபட்டு, ஒரு மழைக்காலம் முழுக்க எதிரிப் படையின் முகாமில் கிடந்தவர். டிரெடில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது பேச்சு அங்கேதான் போய் நிற்கும்.

"அங்க ஒரு கேப்டன் இருந்தான் ராசு. நல்ல சிப்பாய். ஆனா அவன் கிளம்புன்னா ஒருத்தனும் கிளம்ப மாட்டான். எல்லாவனும் குடிசைக்குள்ள உக்காந்திருக்கற இன்னொருத்தன் மூஞ்சியப் பாப்பான். கொள்கை பாக்குறவன். துப்பாக்கிகூட கெடையாது அவன்கிட்ட, ஒரு நோட்டுதான். அவன் தலையாட்டுனாதான் படை அசையும்."

"கேப்டன் எதுத்துக் கேக்க மாட்டாரா முசே?"

"கேட்டா நோட்டுல ஏறும்."

அந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. அதிலிருந்துதான் அந்தச் சிறு பத்திரிகைக்கு 'உப்புவெளிப் படை' என்ற தொடர்கதையை எழுதினேன். வேறொரு கிரகம். அதற்கு இரண்டு நிலா. இரண்டும் சேர்ந்து எழும் நாளில் கடல் உப்புவெளி முழுக்க ஏறிவிடும். அங்கே ஒரு படை பாசறை அடித்திருக்கிறது. மூன்று நாளுக்குள் பின்வாங்க வேண்டும் என்று தளபதிக்குத் தெரியும். ஆனால் இரும்பு ஊர்திகள் அசைய இரண்டு முத்திரை அழுத்த வேண்டும்: ஒன்று தளபதியுடையது, மற்றது கொள்கை அதிகாரியுடையது. பின்வாங்குவது என்ற சொல்லே கொள்கையில் இல்லை என்று கொள்கை அதிகாரி முத்திரையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

எழுதுகிறவன் வெளியூர், தபாலில் அனுப்புகிறான் என்று முசே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கைப்பிரதியே கிடையாது. கேஸ் முன்னால் நின்று, தலைக்குள்ளிருந்து நேராகக் கைக்குச் சொல் இறங்க, ஸ்டிக் என்ற கைத்தட்டில் ஈய எழுத்தாகக் கோத்துவிடுவேன். சோதனைக்கு வந்தால் பிடிபட ஒரு காகிதமும் இருக்காது என்பது எங்கள் கெட்டிக்காரத்தனம்.

தணிக்கை அதிகாரி வைத்திலிங்கம் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து இந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர். மடித்த குடையை வெயிலிலும் விரிக்க மாட்டார். புரூஃபை எப்போதும் கடைசி வரியில் தொடங்கி மேலே மேலே போய்ப் படிப்பார். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"மேலேந்து படிச்சா கதைக்குள்ள போயிடுவேன் தம்பி. கீழேந்து பாத்தா எழுத்து மட்டுந்தான் தெரியும். நம்ம வேலைக்கு அது போதும்."

எழுதுகிறவனுக்குக் கை சும்மா இருக்காதே. நான்காவது அத்தியாயத்தில் என் கொள்கை அதிகாரியும் உத்தரவுகளைக் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். ஐந்தாவதில் சிப்பாய்கள் அவன் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டு, முத்திரையைப் பிடுங்கக் கை நீட்டினார்கள். அந்தப் பதினான்கு வரியைத்தான் வைத்திலிங்கம் அடித்தார். அடிக்கும்போது பேனா ஓரிடத்தில் தாளைக் கிழித்தது.

3. அரசலாற்றுப் பாலம்

முசேயிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகம் மட்டும் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டு வந்தது.

"எந்த பஸ்ஸு?"

"நாலு மணி பஸ்ஸு."

"வைத்திலிங்கம் வீடு பட்டினத்துலதான?"

"ஆமா முசே. அவரும் அதே பஸ்லதான் போவாரு."

"சைக்கிள எடு. தாள் கெடைச்சா அங்கயே கிழிச்சுத் தின்னுடு. இங்க எடுத்துட்டு வராத."

அரசலாற்றுப் பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு ஜீப்பின் சத்தம். ஒதுங்கினேன். கடந்து போனது ஏதோ ஒரு மருத்துவர் வண்டி. ஆனாலும் கைகள் ஹாண்டில்பாரில் ஒட்டிக்கொண்டன. அந்த வருஷத்தில் ஜீப்புக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது. யாரோ ஓர் அச்சக முதலாளியைக் கூட்டிப்போனார்கள், இன்னும் திரும்பவில்லை என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். எந்த ஊர் என்று கேட்டால் பேசியவரே எழுந்து போய்விடுவார். நிரவி தாண்டியதும் உப்புக்காற்று எதிர்த்தது. பயத்துக்கு ஒரு ருசி உண்டு. எழுத்துக் கோக்கும்போது தெரியாமல் விரலை வாயில் வைத்துவிட்டால் நாக்கில் ஏறுமே ஈயம், அந்த ருசி. பட்டினம் வரைக்கும் அது போகவில்லை.

ஹனீபா பாய் கடையில் பத்திரிகைகள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டு பிரிந்திருந்தது.

"என்ன தம்பி, கட்டு வந்து இன்னும் சூடு ஆறல, பின்னாடியே வந்துட்டீங்க. பஸ்ஸுல எடமில்லியா?"

"பாய், கட்டு சுத்துன தாள் எங்க?"

"எல்லாரும் புஸ்தகம் கேட்டு வருவாங்க. தாள் கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"பாய், வெளையாடாதீங்க. எங்க அது?"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரலை இறக்கினார். "உங்க வைத்திலிங்கம் சார் கொண்டு போய்ட்டாரு. நான் பிரிக்கும்போது பக்கத்துலதான் நின்னாரு. ஒவ்வொரு தபாவும் மொத ஆளா அவருதான வாங்குறாரு."

"வாங்குறாரா? அவருக்குத்தான் ஆபீஸ் காப்பி போகுதே."

"எனக்கென்ன தெரியும்? வாங்கி மடிச்சு சட்டைக்குள்ள வெச்சுக்குவாரு. கேட்டா யாருகிட்டயும் சொல்லாதீங்க பாய்னுவாரு. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேன்."

"தாளப் பாத்துட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. குடிக்கத் தண்ணி கேட்டாரு."

அவர் வீடு இருந்த தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். திண்டாட்டம் என்றால் என்ன என்று அங்கே நின்றபோது தெரிந்தது. உள்ளே போய்க் காலில் விழலாம். விழுந்தால், எழுத்துக் கோக்கிறவனுக்கு ஏன் இத்தனை பயம் என்று கேட்பார்; எழுதியவன் நான்தான் என்று நானே சொன்னதாகிவிடும். ஒரு வீட்டில் யாரோ தாளிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

4. குடைக்குள்

மறுநாள் காலை முசே சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேஜைக்குக் கீழே ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன முசே இது?"

"ரெண்டு கைலி, ஒரு துண்டு. முகாமுக்குப் போறவனுக்கு அது போதும், எனக்குப் பழக்கந்தான். நீ ஏன் வெறுங்கையோட வந்த?"

சிரிக்கத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு வைத்திலிங்கம் வந்தார். தனியாக வந்தார். ஆணியைப் பார்க்கவில்லை, தாள்களை எண்ணவில்லை. உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகை ஒன்றின் புரூஃபை எடுத்துக் கடைசி வரியிலிருந்து படித்தார். பிறகு, காபி சொல்லுங்களேன் என்று முசேயை வெளியே அனுப்பிவிட்டு எழுந்து என் கேஸ் அருகே வந்தார். குடையின் மடிப்புக்குள் விரலை விட்டு, சுருட்டியிருந்த தாளை உருவினார்.

"இத இங்கயே எரிச்சிடுங்க. எங்க வீட்டுல எரிச்சா பொக எங்கேந்துன்னு பக்கத்து வீட்டுல கேப்பாங்க."

தாளை வாங்கிக் கேஸுக்கு அடியில் செருகினேன்.

"என் கையெழுத்து அதுல இருக்கு. இத்தன இதழா இந்தக் கதைய எப்படி விட்டேன்னு என்னத்தான் மொதல்ல கேப்பாங்க. உங்களயெல்லாம் அப்புறம்தான் கேப்பாங்க." அவர் விரல்கள் கேஸின் அறைகளில் எதையோ தேடுவதுபோல அலைந்தன. "எழுதுறவரு தபால்ல அனுப்புறாருன்னு முதலாளி சொல்றாரு. நானும் பாத்துகிட்டுத்தான் இருக்கேன். மத்த எது கோத்தாலும் உங்க முன்னாடி கைப்பிரதி இருக்கு. இந்தக் கதைக்கு மட்டும் இருக்கறதில்ல."

ஸ்டிக் என் கையிலிருந்து நழுவியது. கோத்திருந்த வரி முழுக்கத் தரையில் சிதறியது. அவரும் குனிந்து என்னோடு எழுத்துகளைப் பொறுக்கினார். குனிந்தபடியே கேட்டார்:

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தக் கொள்கை அதிகாரிக்குப் பிள்ளகுட்டி இருக்கா?"

"எழுதல சார்."

"எழுதியிருந்தீங்கன்னா, அவன் ஏன் முத்திர வெக்க மாட்டேங்கறான்னு படிக்கறவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

வைத்திலிங்கம் போன பிறகு முசேயிடம் எல்லாம் சொன்னேன்; அவர் மண்ணெண்ணெய் டப்பாவில் தாளை எரித்தார். பச்சை மை கடைசியாகத்தான் கருகியது.

"முகாம்ல அந்த நோட்டுக்காரனப் பாத்து நான் பயந்தேன் ராசு. அவன் யாரப் பாத்து பயந்தான்னு ஒருநாளும் யோசிச்சதில்ல," என்றார். "கேப்டனுக்கு எதிரி முன்னாடி நிக்கறான். சுடலாம். இவனுக்கு எதிரி முதுகுக்குப் பின்னாடி."

5. மேல் வரி

கடைசி அத்தியாயத்தைப் பதினைந்து நாளும் கோக்காமல் வைத்திருந்தேன். சிப்பாய்கள் அவனைக் கொல்வதாக முதலிலேயே நினைத்திருந்த முடிவு இப்போது கைக்கு வரவில்லை. வேறு மாதிரி வந்தது. கொள்கை அதிகாரியின் சட்டைக்குள் முத்திரையோடு இரண்டு குழந்தைகளின் படம். தலைநகரில் அவர்கள் இருக்கும் வீட்டின் சாவி அரசாங்கத்திடம். கடல் இரைகிறது. அவன் முத்திரையை அழுத்துகிறான். ஊர்திகள் கிளம்புகின்றன. தளபதி கூப்பிடுகிறான். அவன் ஏறவில்லை. உத்தரவு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் நோட்டில் எழுதி, அதைத் தளபதி கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் வரும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறான்.

புரூஃபை மேஜையில் வைத்தேன். வைத்திலிங்கம் பேனா மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் கண் தாளின் மேல் வரியில் இருந்தது.

மேலிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படித்தார். டிரெடிலை நிறுத்தச் சொல்லி முசே கை காட்டினார். சாலையில் ஒரு பஸ் போய், அதன் சத்தமும் போனது. கடைசி வரியில் அவர் வெகுநேரம் நின்றார். மை பேனா முனையில் காய்ந்துவிட்டது. உதறி, கையெழுத்துப் போட்டார். ஒரு வரிகூட அடிக்கவில்லை. முத்திரையை மையில் ஒற்றி அழுத்தினார். அது சற்று விலகி இரட்டையாக விழுந்தது.

எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"நான் கீழேந்துதான் பாத்தேன். யாரு வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும் தம்பி."

"கீழேந்துதான் பாத்தீங்க சார்," என்றேன்.

யாரும் வந்து கேட்கவில்லை. ஆனால் கேட்பார்கள் என்று அடுத்த ஆண்டு வரை மூன்று பேரும் ஒவ்வொரு ஜீப்புக்கும் தலை நிமிர்ந்தோம். நெருக்கடி நிலை நீங்கியதும் வைத்திலிங்கம் பழைய குமாஸ்தா நாற்காலிக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இப்போது நாற்பத்திரண்டு. வேலை ஆப்செட்டுக்கு மாறிவிட்டது, ஈய எழுத்தை எடைக்குப் போட்டாயிற்று. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அடிபட்ட தாளை வேஸ்ட் அடுக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நாலாகக் கிழித்த பிறகுதான் அதைக் கையிலிருந்து விடுங்கள். புரூஃபைக் கீழிருந்து பாருங்கள், பிழை ஒன்றும் தப்பாது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன். ஆனால் பிளேட்டுக்குப் போவதற்கு முன் ஒருமுறை மேலிருந்து படிக்கிறேன். அந்தப் பக்கத்தில் கெட்டவன் யாராவது இருந்தால், அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.